விட்டு வாசிக்காத குரல்

சிலர் அடிக்கடி போன் மாற்றுவார்கள். எனக்கு அந்த ஆசை வந்ததில்லை. அழைத்தால் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இயங்குதளத்தை மாற்றாமல் என்னால் சும்மா இருக்க முடிந்ததில்லை. லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒன்றல்ல. உலகத்தின் எங்கெங்கோ யார் யாரோ உட்கார்ந்து செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற எத்தனையோ லினக்ஸ்கள் இருக்கின்றன. ஒன்றைப் போடுவேன், பழகுவேன், அதன் குறைகள் தெரிந்து சலித்ததும் அடியோடு அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவேன். கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பிடித்திருந்தது, செய்தேன்.

என் மனைவி ஆரம்பத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பாள். "நேற்று நீலமா இருந்தது, இண்டைக்குப் பச்சையா இருக்கு. இதுக்கோ காலமையிலயிருந்து முதுகை வளைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?" என்பாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. பேராதனையில் படிக்க வந்து, கண்டியிலேயே அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகி, கடைசியில் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். எத்தனை வருடமானாலும் அவள் பேச்சு மாறவில்லை, என் பேச்சும் மாறவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்டுவிட்டுக் குழம்பித்தான் போவார்கள்.

அவளுக்கு வாசிப்புத்தான் எல்லாம். கடலை சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவாள். அப்படிப்பட்டவளுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து, அது கண்ணைத்தான் முதலில் பிடித்தது. பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நாங்கள் ஏறி இறங்காத நாளில்லை என்று சொல்லலாம். கண்ணுக்குள் லேசர் ஒளியடித்தார்கள், ஊசி போட்டார்கள், செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். முதலில் எழுத்துகள் போயின. பிறகு முகங்கள் போயின. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சியது.

நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"வேண்டாம். நீங்கள் வாசிச்சால் எனக்கு உங்கட முகமும் சேர்ந்து கேக்கும்."

"என் மூஞ்சில என்னா இருக்கு?"

"அதுதான் சொல்லுறன். நல்ல செய்தியை ஒருமாதிரி வாசிப்பியள், கெட்ட செய்தியை வேறமாதிரி வாசிப்பியள். எனக்குச் செய்தி மட்டும் இருந்தால் காணும்."

கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நோய் வந்தவர்களிடம் எல்லோரும் எதையாவது மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவளுடைய தம்பி கனடாவிலிருந்து என் போனுக்கு எடுத்து, அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்பான். அவளுக்கு அது எல்லாம் தெரிந்திருந்தது.

அப்போதுதான் என் வீண் பொழுதுபோக்கு முதல்தடவையாக உதவிக்கு வந்தது. அந்த நேரம் எங்கள் லெப்டொப்பில் நான் போட்டிருந்த லினக்ஸில் திரைவாசிப்பான் ஒன்று சும்மா கிடந்தது. திரையில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லும் ஏற்பாடு. அதற்குத் தமிழும் தெரிந்திருந்தது. அது பேசிய தமிழ் யாழ்ப்பாணமும் இல்லை, தோட்டமும் இல்லை, இந்தியாவும் இல்லை. மூக்கடைத்த ஒரு ஆள் பெயர்ப்பலகை வாசிப்பது போல ஒரே தட்டில் போய்க்கொண்டிருக்கும். கல்யாணமும் சாவும் அதற்கு ஒன்றுதான். முதல்நாள் கேட்டுவிட்டு இவள் முகத்தைச் சுளிப்பாள் என்று பயந்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "இவர் நல்ல மனுசன்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது 'அவர்' ஆனது. "அவர் சொல்லுறார் நாளைக்கு மழையாம்." "அவரைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்கோ." நான் சும்மா சீண்டுவதற்காக, எனக்கு இந்த வீட்டில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்பேன்.

அவளுக்கு அவர் முக்கியமாகத் தேவைப்பட்டது மரண அறிவித்தல்களுக்கு. யாழ்ப்பாணத்து ஆட்கள் காலையில் எழுந்ததும் இணையத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். எனக்கு அது ஆரம்பத்தில் விளங்கவில்லை. ஊரே உலகம் முழுக்கச் சிதறிப்போன பிறகு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியவருவது யாராவது செத்தால்தான் என்று அவள் சொல்லித்தான் புரிந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று நீண்டுகொண்டே போகும். அவள் அந்தப் பெயர் வரிசையைக் கேட்டுக்கொண்டே போவாள். நடுவில் ஒரு பெயரில் நிறுத்தி, "அட, இவள் நோர்வேயிலயோ இருக்கிறாள்" என்பாள். செத்தவரை விட்டுவிட்டு உயிரோடு இருக்கிறவளைக் கண்டுபிடித்த சந்தோசம் அவள் முகத்தில் இருக்கும்.

அதன் பிறகு நான் இயங்குதளம் மாற்றுவதை நிறுத்திவிட்டேன். கண் தெரிகிறவனுக்கு மாற்றம் என்றால் புதுப் பெயிண்ட். அவளுக்கு அது வீட்டுத் தளபாடங்களை ஆள் இல்லாத நேரத்தில் இடம் மாற்றி வைப்பது. எந்த விசையை அழுத்தினால் எந்தக் கதவு திறக்கும், எத்தனையாவது தட்டலில் செய்திப் பக்கம் வரும் என்று எல்லாம் அவள் விரல்களில் இருந்தது. விரல்களுக்கும் மரமரப்பு வந்திருந்ததால் போனில் கண்ணாடியைத் தடவி எதையும் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. விசை என்றால் மேடு பள்ளம் இருக்கும். அதனால் அந்தப் பழைய லெப்டொப், அந்தப் பழைய லினக்ஸ், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வருடங்கள் போயின. புதியவை வந்துகொண்டிருந்தன. நான் படங்களைப் பார்த்துக்கொள்வதோடு சரி.

ஆனால் நாம் இருக்கிற இடத்திலேயே இருந்தாலும் இணையம் அப்படி நிற்காது. செய்திப் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. கடுகண்ணாவையில் கம்ப்யூட்டர் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கும் என் சிநேகிதனிடம் போய்க் கேட்டேன். என்னைப் போலவே லினக்ஸ் பைத்தியம் பிடித்த முஸ்லிம் மனிதர். கடை வாசலில் லொறிகள் மேட்டில் திணறி ஏறிக்கொண்டிருக்க, அவர் தலையை ஆட்டினார்.

"அதச் செஞ்ச ஆக்கள் எல்லாம் நிப்பாட்டிட்டாங்க மச்சான். இனி அதுக்கு ஒண்ணும் வராது. புதுசு போடத்தான் வேணும்."

"அவளுக்குப் பழக்கம் அது."

"தெரியும். அதுக்கு என்ன செய்ய? பேப்பரே தொறக்காட்டி பழக்கம் இருந்து என்ன?"

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் சாய்ந்திருந்தபடியே, "மாத்துங்கோ" என்றாள். "எனக்காக எத்தனை வருசம் பொறுத்துக்கொண்டு இருந்தனீங்கள். எனக்குத் தெரியாதோ? புதுசைப் போட்டு விளையாடுங்கோ."

பொய் சொல்லக்கூடாது, எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மழை கொட்டியது. நான் வெளியே எங்கும் போகவில்லை. சிநேகிதன் பென் டிரைவில் போட்டுத் தந்ததைச் செருகி, பழையதை அழித்து, புதியதைப் போட்டேன். வேகமாக இருந்தது, அழகாக இருந்தது, செய்திப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. திரைவாசிப்பானும் முந்தியதைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசியது. நான் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தேன், எல்லா இடத்திலும் சத்தம் வந்தது. பார்த்தேன் என்று எழுதுகிறேன். அதுதான் பிழை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, குருடருக்கான ஏற்பாட்டைச் சோதித்தேன். எங்களைப் போன்ற பைத்தியங்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வோம்.

அவளை உட்காரவைத்துப் புதிய விசைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து நான் பாடசாலை விட்டு வந்ததும் தேத்தண்ணியோடு எனக்குச் செய்தி சொன்னாள். விலைவாசி, மகாவலித் தண்ணீர், கிரிக்கெட், கொழும்பில் ஏதோ கூட்டம். புதுசு எப்படி என்று கேட்டால், "நல்லா வேலை செய்யுது. அவருக்குக் குரல் கொஞ்சம் மாறிப்போச்சு, சளித் தடிமனாக்கும்" என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடுகண்ணாவைச் சிநேகிதனுக்குப் போன் எடுத்து, பார்த்தீர்களா என்று அளந்தேன்.

ஒருநாள் பாடசாலையில் தண்ணீர் வராததால் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். நானும் பஸ் பிடித்து வந்துவிட்டேன். குன்றில் படி ஏறி வரும்போதே எங்கள் வீட்டிலிருந்து வானொலி கேட்டது. குசினி அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய வானொலியை இறக்கி மேசையில் வைத்திருந்தாள். பக்கத்தில் லெப்டொப் திறந்திருந்தது. திரை கடவுச்சொல் கேட்டபடி ஒளிர்ந்துகொண்டு நின்றது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, விசைப்பலகையில் இரண்டு கைகளையும் சும்மா வைத்துக்கொண்டு, வானொலிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பழையதில் அவர் வாசலிலேயே பேசிவிடுவார். புதிய இயங்குதளத்தில் திரைவாசிப்பான் உள்ளே போன பிறகுதான் பேசத் தொடங்கும். வாசலில் கடவுச்சொல் கேட்கிற இடத்தில் அது ஊமை. அங்கே பேசவைக்க வேறொரு இடத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். கண் தெரிகிறவன் அந்த இடத்தைக் கவனிக்கவே மாட்டான். பெட்டி தெரிகிறது, எழுதுகிறான், போகிறான். இவள் சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் பேசுவார் பேசுவார் என்று காத்திருந்திருக்கிறாள். எத்தனையோ காலைகள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. வானொலியைத் தடவி நிறுத்தினாள். "நீங்கள் எவ்வளவு காலத்துக்குப் பிறகு விசிலடிச்சுக்கொண்டு திரிஞ்சியள். அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்."

தன்னிடம் யாரும் எதையும் மறைக்கக்கூடாது என்று சண்டை பிடிக்கிறவள், எனக்காக இவ்வளவையும் மறைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று சத்தமில்லாமல் அழுதேன். தெரிந்திருக்கும்.

வாசலைப் பேசவைப்பது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை. ஆனால் உள்ளே போன பிறகும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முந்தி வலப்பக்கம் இருந்தது இப்போது மேலே இருந்தது. முந்தி ஒரு தட்டலில் வந்தது இப்போது எங்கோ ஒரு பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. "நான் இப்ப எங்க நிக்கிறன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொந்த வீட்டில் இருந்துகொண்டு வழி கேட்கிற மாதிரி இருந்தது. நான் விடவில்லை. லினக்ஸில் உள்ள வசதி, புதியதற்குப் பழைய முகத்தை மாட்டிவிடலாம். இரண்டு நாள் லீவு போட்டு அதையும் செய்தேன். கண்ணுக்கு எல்லாம் அச்சு அசல் பழையது போலவே இருந்தது. காதுக்கு இல்லை. அவர் சொல்கிற ஒழுங்கு வேறு, நிறுத்துகிற இடம் வேறு. அவள் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் சிறுநீரகமும் சோர்ந்துவிட்டது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதை இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள், அவள் வற்புறுத்தியதால். காலையில் நன்றாக இருப்பாள், மத்தியானத்தில் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்க முடியாத அளவு களைத்துவிடுவாள்.

"எனக்கு இனி ஒண்டைப் புதுசாப் பழக ஏலாதப்பா" என்றாள். அவள் வாயால் ஏலாது என்ற சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறுபடி கடுகண்ணாவைக்குப் போனேன். சிநேகிதன் கடையின் பின்பக்கத்தைக் கிளறி, பழைய லினக்ஸின் சீடித் தட்டு ஒன்றைத் தேடித் தந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அதைப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் பழைய குரலில் பேசத் தொடங்கியதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். விரல்கள் தானாக ஓடின. ஒவ்வொரு கதவாகத் திறந்தாள், மூடினாள். கடிகாரத்தைக் கேட்டாள். ஒரு வெற்றுத்தாளைத் திறந்து தன் பெயரைத் தட்டி, அவர் அதைச் சொல்லக் கேட்டுச் சிரித்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பிறகு மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போனாள். பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் திரும்ப அழுத்தினாள். திரும்பவும் அதையே சொன்னார். தெரிந்துதான் அழுத்தினாள் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் அப்படியே போனது. காலையில் உட்காருவாள், பழைய வீட்டுக்குள் சுற்றி வருவாள், மூடிவிடுவாள். வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு பாடசாலைக்குக் கிளம்பிப் போவேன். வகுப்பில் பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் லெப்டொப்பைத் திறக்கவில்லை. கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"போனில எடுத்து நீங்களே வாசியுங்கோ" என்றாள்.

இத்தனை வருடமாக நான் கேட்டுக் கிடைக்காதது அது. கிடைத்தபோது அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோற்றுப்போனதால்தான் எனக்குக் கிடைத்தது. நான் போனை எடுத்து வாசித்தேன். எனக்குத் தெரியாத ஊர்கள், தெரியாத குடும்பங்கள். தடுக்கித் தடுக்கி வாசித்தேன். அவள் ஊர்ப் பெயர்களைத் திருத்தினாள். போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். முதலாவது, இரண்டாவது. மூன்றாவதுக்கு விரலால் தள்ளியபோது, எழுத்து வருமுன் படம் வந்தது.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். தோட்டத்துப் பையனைக் கட்டுகிறாள் என்று அவள் வீட்டார் அத்தனை பேரும் எங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்தபோது, பஸ் ஏறி ஒற்றை ஆளாகக் கண்டிக்கு வந்து, அவள் பக்கத்தில் தோழியாக நின்றவர். பிறகு லண்டனுக்குப் போய்விட்டார். படத்தில் தலை நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை.

நான் போனைத் தள்ளினேன். அடுத்ததை வாசித்தேன். யாரோ ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். நன்றாகத்தான் வாசித்தேன். அவள் இந்தமுறை எதையும் திருத்தவில்லை.

"இடையில ஒண்டை விட்டிட்டியள்."

"இல்லியே."

"விட்டிட்டியள். எனக்குக் கேட்டது." கையை நீட்டி என் முழங்காலைத் தேடிப் பிடித்தாள். "ஆர்?"

நான் சொன்னேன். அவள் கை என் முழங்காலில் அப்படியே இருந்தது. வெளியே பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"மேலயிருந்து வாசியுங்கோ" என்றாள். "ஒண்டும் விடாமல்."

பிறப்பிடத்திலிருந்து தொடங்கினேன். தகப்பன் பெயர், தாய் பெயர், கணவன் பெயர் வரை வந்தேன். பிள்ளைகளின் பெயர்களில் என் குரல் உடைந்து நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினேன், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. அவள் முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள். அவள் கண்களிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"அவர் எண்டால் இதுக்குள்ள வாசிச்சு முடிச்சிருப்பார்" என்றாள்.